நம்பிக்கை இல்லாதவர் ஆலயத்தில் எதுவரை கலந்துகொள்ளலாம்?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் கிறிஸ்தவ வழிபாட்டில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்? நானும் நம்பிக்கை இல்லாதவள்தான். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதுக்கு மேல் விலகி வந்தவள். ஆனாலும் வருஷத்தில் பல நாள் ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நண்பனின் கல்யாணத் திருப்பலிக்குப் போயிருந்தேன். ஒரு கட்டத்தில் எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள், நானும் போனேன். கையில் அப்பம் வைத்தார்கள், சாப்பிட்டுவிட்டேன். வெளியே வந்ததும் ஒருவர், "நீங்கள் அதை வாங்கியிருக்கக் கூடாது" என்றார். மூன்று வாரமாக உறுத்துகிறது. நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?

பதில்: முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தது, யாரையும் அவமதிக்க நீங்கள் எழுந்து போகவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நற்கருணை என்று சொல்லும் அந்த அப்பம் கத்தோலிக்கர்களுக்குக் கிறிஸ்துவின் உடலேதான். வெறும் அடையாளம் என்று அவர்கள் நினைப்பதில்லை. கொடுப்பவர் "கிறிஸ்துவின் உடல்" என்கிறார், வாங்குபவர் "ஆமென்" என்கிறார். ஆமென் என்றால் ஆம், அப்படியே. அந்த ஒரு நொடியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டு நீங்களும் பதில் சொல்லிவிட்டதாக ஆகிறது, அதுதான் சிக்கல். இது இடையில் யாரோ போட்ட கெடுபிடியும் இல்லை. நம்பி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே இந்த உணவு என்று கி.பி. 155 வாக்கில் ஜஸ்டின் என்பவர் ரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்திலேயே இருக்கிறது. பழைய சபைகளில் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களைக்கூட, வேத வாசிப்பும் பிரசங்கமும் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தின் மிச்சமாக, ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் "கதவுகள், கதவுகள்!" என்ற குரல் இன்றும் ஒலிக்கிறது. அப்போஸ்தலர் பவுலும் கொரிந்து சபையாருக்கு எழுதும்போது, "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், இதைப் புசிக்க வேண்டாம் என்று கடுமையாகவே எச்சரிக்கிறார்.

எல்லாச் சபைகளும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் வருகிறவர் யாரென்று கேட்காமல் கொடுப்பார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, இந்த விருந்தே ஒருவரை நம்பிக்கைக்குள் கொண்டுவரும் என்று நினைத்தவர். அதனால் அழைப்பு யாருக்கு என்று போதகர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், சொல்லவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களிலும் எழுந்து போகாதவர்கள் இருப்பார்கள். சில இடங்களில் கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு போனால் ஆசி மட்டும் வழங்குவார்கள். தவறிப்போய் கையில் வைத்துவிட்டால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது அவர்களை மிகவும் புண்படுத்தும். "மன்னிக்கணும், நான் வாங்குவதில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் 1673-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசுப் பதவியில் உட்கார வேண்டுமென்றால் அந்நாட்டுத் திருச்சபையில் நற்கருணை வாங்கியிருக்க வேண்டும். 1828-ல்தான் அதை எடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், மனசு ஒப்பாதவர்களையும் வேலைக்காக அந்த மேசைக்கு வரவைத்த சட்டம் அது. அதோடு ஒப்பிட்டால் நீங்கள் தெரியாமல் நீட்டிய கை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நண்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உறுத்தல் போய்விடும்.

கேள்வி: அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். சாயங்காலமானால் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை போய்ப் பல வருஷமாகிறது, அது அம்மாவுக்கும் தெரியும். ஜெபம் பண்ணினால் வேஷம் போடுகிறேன் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள், பண்ணாவிட்டால் அம்மா முகம் வாடிப்போகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை நான் நாலைந்து தடவை படித்தேன். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

1903-ல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் தாயார் இறக்கும் தறுவாயில் கிடந்தார். சுற்றி நின்றவர்கள் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். ஜாய்ஸும் அவருடைய தம்பியும் மண்டியிட மறுத்துவிட்டார்கள், அம்மாவின் சகோதரர் சைகை காட்டியும் மறுத்துவிட்டார்கள். நம்பாத ஒன்றுக்கு முழங்காலை மடக்குவது பொய் என்பது அவர் பக்கம். அதை நான் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன், நேர்மையாக இருக்க வேண்டும் என்ற தவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சி அவரை விடவில்லை. பல வருஷம் கழித்து எழுதிய நாவலிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அதே ஜாய்ஸ் பிற்காலத்தில் புனித வாரச் சடங்குகளுக்குப் போய் நின்று கவனித்துக்கொண்டிருந்தார், நற்கருணை வாங்காமல்.

என் அம்மாவின் கடைசி நான்கு மாதம் தினமும் பைபிளில் உள்ள சங்கீதம் என்ற பாடல்களை வாசித்தேன். பெரிய எழுத்துப் பைபிள், ஓரத்துச் சிவப்பு அவருடைய கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் வெளுத்துப்போயிருக்கும். முதல் நாள் தயங்கினேன். "நீ நம்பலைன்னு எனக்குத் தெரியும், வாசி" என்றார். கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். நான் ஒரு வார்த்தையை விழுங்கினால் உதடு அதைச் சொல்லிவிடும். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்று நான் தொடங்கும்போதே "பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்று அவர் முடித்திருப்பார். அந்த வாக்கியத்தை நான் நம்பினேனா? இல்லை. அவருக்கு அது வேண்டியிருந்தது, அவர் கையால் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை, என் கை இருந்தது.

சங்கீதம் வாசிப்பதும், நீங்களாக வார்த்தை கட்டி "கர்த்தாவே" என்று கூப்பிடுவதும் ஒன்றில்லை. இரண்டாவது உங்களுக்குத் தொண்டையில் சிக்கினால் செய்யாதீர்கள். "நான் வாசிக்கிறேன், ஜெபம் நீ பண்ணு" என்று அம்மாவிடம் கேளுங்கள், அவர் பண்ணும்போது கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருங்கள். அவருக்குத் தெரியும் என்கிறீர்கள். தெரிந்துதான் கேட்கிறார். தெரிந்தவரிடம் வேஷம் என்று எதைச் சொல்வது?

உங்கள் நண்பர்களுக்கும், ஒருவேளை அம்மாவின் சபைக்காரர்களுக்கும் ஒரு பைபிள் கதை. நாகமான் என்ற சீரியப் படைத்தலைவன் எலிசா என்ற தீர்க்கதரிசியிடம் வந்து குஷ்டம் நீங்கிக் குணமாகிறான், இனி இஸ்ரவேலின் கடவுளைத் தவிர யாருக்கும் பலியிட மாட்டேன் என்கிறான். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறான். ஊரில் என் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கையில்தான் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், அதை மன்னிக்க வேண்டும் என்று. எலிசா விவாதம் பண்ணவில்லை. "சமாதானத்தோடே போ" என்கிறார். பைபிளில் ராஜாக்களின் இரண்டாம் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். கையில் சாய்ந்திருப்பவருக்காகக் குனிவது என்றால் என்ன என்று அந்தத் தீர்க்கதரிசிக்குப் புரிந்திருக்கிறது.

கேள்வி: அக்கா தன் குழந்தையின் ஞானஸ்நானத்தில் என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. "சும்மா நில்லு, யார் கேட்கப்போகிறார்கள்" என்கிறாள். நிற்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கேட்கத்தான் போகிறார்கள், அதுவும் எல்லோர் முன்னாலும். சாத்தானை விட்டுவிடுகிறாயா, கடவுளை நம்புகிறாயா என்று வரிசையாகக் கேள்வி வரும், "விட்டுவிடுகிறேன்", "விசுவசிக்கிறேன்" என்று நீங்கள் குழந்தையின் சார்பில் நின்று சொல்ல வேண்டும். அது பாட்டு மாதிரி இல்லை, வாக்குறுதி. என்னைப் பொறுத்தவரை நம்பாதவர் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்: வாக்குக் கொடுக்கும் இடம். கூட இருக்கலாம், பாடலாம், எழுந்து நிற்கலாம், தலை குனியலாம். காப்பாற்ற மனசில்லாத வாக்கை மட்டும் கொடுக்கக் கூடாது.

சட்டமும் இடம் கொடுக்காது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானப்பெற்றோர் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்த, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற, அந்த வாழ்க்கையை வாழ்கிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சாட்சியாக நிற்கலாம். ஞானஸ்நானமே பெறாதவருக்கு அந்த இடமும் கிடையாது. இங்கிலாந்து திருச்சபையிலும் ஞானப்பெற்றோர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும்.

அக்காவிடம் இதைத் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவள் கேட்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள், தன் பிள்ளைக்கு நீங்கள் ஆதரவாக இருக்க வேண்டும் என்பதுதானே? அதற்கு நீங்கள் ஏற்கெனவே தாய்மாமன். அன்றைக்கு முன்வரிசையில் உட்காருங்கள், குழந்தை அழுதால் வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிறிஸ்தவன் இல்லை, கடவுள் நம்பிக்கையும் இல்லை, ஆனால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் விரதம் இருக்க ஆசை. அது தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளலாமா? - கல்லூரி மாணவர்

பதில்: தாராளமாக. சாம்பல் நற்கருணை போல் இல்லை, கத்தோலிக்கத் திருச்சபையில்கூட ஞானஸ்நானம் பெறாதவர் வாங்கத் தடை கிடையாது. முந்தின வருஷத்துக் குருத்தோலையை எரித்து எடுக்கும் சாம்பல் அது. பூசும்போது வழக்கமாகச் சொல்லும் வார்த்தை, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்பது. அது உண்மை என்று ஒத்துக்கொள்ள எந்த மதமும் தேவையில்லை. விரத நாட்களை எண்ணினால் 46 வரும், குழம்ப வேண்டாம், ஆறு ஞாயிறுகளைக் கழித்து நாற்பது என்பார்கள். வேடிக்கைக்காகவோ படம் எடுத்துப் போடவோ மட்டும் செய்யாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் அழுதுகொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: ஆலயப் பாடகர் குழுவில் ஆறு வருஷமாகப் பாடுகிறேன், குரல் நன்றாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். நம்பிக்கை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. பாடும்போது பொய் சொல்கிறேனா?

பதில்: ஆங்கில இசையமைப்பாளர் ரால்ப் வான் வில்லியம்ஸ் இளம் வயதில் நாத்திகர், பிற்காலத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்ற நிலைக்கு வந்தவர். 1906-ல் வெளியான ஆங்கிலத் திருச்சபைப் பாட்டுப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியர் அவர்தான். நாட்டுப்புற மெட்டுகளைத் தேடிப்பிடித்துப் பாமாலைக்குள் கொண்டுவந்தார், விசுவாசிகள் இன்றும் அவற்றைப் பாடி அழுகிறார்கள். அவர் யாரையும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டு பாடுகிறவரின் சாட்சி வாக்குமூலம் இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பட்ட வேதனைக்கு உங்கள் மூச்சைக் கொடுக்கிறீர்கள். சோப்ரானோ என்ற உச்சக்குரல் வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தச் சுரம் பிசகாமல் வேண்டும்.

ஆனால் குழுத்தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ஆறு வருஷமாக மனசில் வைத்திருப்பதுதான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன், பாட்டு இல்லை. சில சபைகளில் குழுவில் சேரவே விசுவாச அறிக்கை கேட்பார்கள், அங்கே விலகச் சொன்னால் வருத்தப்படாமல் விலகுங்கள், அது அவர்கள் வீடு. பெரும்பாலும் அப்படி நடக்காது. நானும் என் குழுத்தலைவரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நீ என்ன பண்ணுவே?" என்றார். "எழுந்து நிற்பேன், வாய் திறக்க மாட்டேன்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறுக்கான தாளை என் கையில் கொடுத்தார்.