பிரான்சின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தெற்கு பிரான்சில், மாசிஃப் சென்ட்ரால் மலைத்தொகுதியின் விளிம்புகளில் ஓடும் லோட், செலே, தார்ன், ஜோந்த் ஆகிய ஆறுகளைப் பற்றியவை. சுண்ணாம்புக்கல் பீடபூமிகளை ஆறுகள் ஆழமாக அறுத்துச் சென்ற நிலம் இது. மேலே வறண்ட மேட்டுநிலமும் கீழே பசுமையான பள்ளத்தாக்கும் இருக்க, இரண்டையும் செங்குத்தான பாறைச் சுவர்கள் பிரிக்கின்றன. ஆற்றோரச் சாலையை ஆதாரமாகக் கொண்டு பாதையை வகுத்துக்கொள்பவர், எங்கே ஏறுவது, எவ்வளவு ஏறுவது என்பதைத் தாமே தீர்மானிக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சமவெளியில் ஒரு நாளில் 80 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியிருக்கிறேன். மலைப்பகுதியில் ஓட்டியதே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கவோர் நகரிலிருந்து தொடங்குங்கள். லோட் ஆற்றின் வலக்கரையோடு கிழக்கே சென்று, கோந்துஷே என்ற இடத்தில் செலே ஆறு வந்து கலக்கும்போது பெரிய ஆற்றை விட்டு, டி 41 சாலையில் அச்சிற்றாற்றின் பள்ளத்தாக்குக்குள் திரும்புங்கள். கப்ரெரே, மார்சியாக், எஸ்பான்யாக் ஆகிய சிற்றூர்களைக் கடந்து ஃபிஜாக் வரை சுமார் 70 கிலோமீட்டர். கவோர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்திலும் ஃபிஜாக் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், வழியில் சிறுசிறு மேடுகள் வந்தாலும் நாள் முழுவதும் ஆறு இறங்கும் அளவுக்குத்தான் நீங்கள் ஏறுகிறீர்கள். சாலை குறுகலானது, வண்டிகள் குறைவு. சில இடங்களில் பாறை தலைக்கு மேல் கூரைபோல் நீண்டு நிற்கும். கப்ரெரேக்கு மேலுள்ள பெஷ் மெர்ல் குகையில் புள்ளியிட்ட குதிரைகளின் பழங்கற்கால ஓவியங்கள் உள்ளன. ஒரு நாளில் அனுமதிக்கப்படுவோரின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருப்பதால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

ஃபிஜாக்கில் இரவு தங்கி, மறுநாள் இடையிலுள்ள மேட்டைக் கடந்து கஜார்க்கில் மீண்டும் லோட் ஆற்றைப் பிடித்து, அதன் வழியே கவோருக்குத் திரும்பலாம். இந்த இரண்டாம் நாளில்தான் உங்களுக்கான முதல் தேர்வு காத்திருக்கிறது. சான் சிர்க் லபோப்பி என்ற பழைய ஊர் ஆற்றுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் மேலே பாறை முனையில் அமர்ந்திருக்கிறது. கால்களில் வலு மிச்சமிருந்தால் ஏறுங்கள். இல்லையெனில் கீழிருந்தே அதைப் பார்த்துக்கொண்டு செல்லலாம், அந்தக் காட்சியும் குறைந்ததல்ல.

கேள்வி: வரைபடத்தில் ஆர்தேஷ் ஆற்றை ஒட்டியே சாலை போகிறது. அப்படியானால் அது சமதளமாகத்தானே இருக்கும்?

பதில்: இருக்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான். வலோன் போன் தார்க் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டு, ஆறு குடைந்த இயற்கைப் பாறை வளைவைக் கடந்த சிறிது தூரத்தில் டி 290 சாலை கரையை விட்டு மேலேறி, பள்ளத்தாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு கிளைப்பள்ளத்துக்கும் இறங்கி மறுபடி ஏறவேண்டியிருக்கிறது. சில காட்சிமுனைகளில் ஆறு ஏறத்தாழ 200 மீட்டர் கீழே கிடக்கும். ஆற்றின் கோடும் சாலையின் கோடும் வரைபடத்தில் அருகருகே இருந்தால் மட்டும் போதாது, அவற்றுக்கிடையே எத்தனை சம உயரக் கோடுகள் செல்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மிஷ்லன் சாலை வரைபடங்களில் சாலையின் மீதே அம்புமுனைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு முனை 5 முதல் 9 சதவீதச் சரிவையும், இரண்டு முனைகள் 9 முதல் 13 சதவீதத்தையும், மூன்று அதற்கும் மேலானதையும் குறிக்கும். முனை காட்டும் திசையே ஏறும் திசை. காட்சியழகு மிக்க சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடும் இருக்கும். இந்த இரண்டு குறிகளையும் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி திட்டம் முடிந்தது.

கேள்வி: என் சைக்கிளில் முன்பக்கம் 50, 34 பற்களும் பின்பக்கம் அதிகபட்சம் 28 பற்களும் கொண்ட கியர்கள் உள்ளன. இது போதுமா?

பதில்: ஆற்றோரத்துக்குப் போதும், பீடபூமிக்கு ஏறுவதற்குப் போதாது என்பது என் கருத்து. லோட் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மாந்த் நகருக்கு மேலே உள்ள ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று டூர் தெ பிரான்ஸ் போட்டியில் லோரான் ஜலபேர் அங்கே வென்றதால் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் அது, சுமார் 3 கிலோமீட்டர் நீளமும் சராசரி 10 சதவீதச் சரிவும் கொண்டது. ஓட்டுபவர், வண்டி, பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று கொண்டால், நிமிடத்துக்கு 60 முறை மிதிக்கும்போது 34-க்கு 28 என்ற கியரில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகமும் அதற்காக ஏறத்தாழ 220 வாட் திறனும் தேவை. பின்பக்கம் 34 பற்கள் இருந்தால் அதே மிதி வேகத்துக்கு 7.6 கிலோமீட்டரும் 180 வாட்டும் போதும். 20 நிமிடத்துக்கும் மேல் நீளும் ஏற்றத்தில் இந்த 40 வாட் வித்தியாசமே முழங்காலைக் காப்பாற்றும். பின்புறப் பல்சக்கரத் தொகுதியை மாற்றும்போது, உங்கள் பின்புறக் கியர் மாற்றி (டிரெய்லியர்) 34 பற்களை ஏற்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சங்கிலியின் நீளமும் கூட வேண்டியிருக்கலாம்.

கேள்வி: தார்ன் பள்ளத்தாக்கை ஒரே நாளில் சுற்றிவர ஒரு வட்டப்பாதை சொல்லுங்கள்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த சுற்று இது. ஃப்ளோராக்கில் புறப்பட்டு, இஸ்பான்யாக், சான்த் எனிமி, லா மலேன் வழியாகத் தார்ன் ஆற்றோடு லெ ரோஸியே வரை இறங்குங்கள். அங்கே ஜோந்த் ஆறு வந்து சேர்கிறது. அதன் பள்ளத்தாக்கில் மெய்ருயேஸ் வரை ஏறி, பெர்ஜூரே கணவாயைக் கடந்து ஃப்ளோராக்குக்கே திரும்பினால் சுமார் 120 கிலோமீட்டர். கோஸ் மெஜான் என்ற பெரிய பீடபூமியின் மீது ஏறாமலே அதை முழுவதும் வலம்வந்திருப்பீர்கள். லெ ரோஸியே ஏறத்தாழ 400 மீட்டர், மெய்ருயேஸ் 700, கணவாய் 1028 மீட்டர். ஆக, பெரிய ஏற்றமெல்லாம் பிற்பாதியிலேயே வருகிறது, அதுவும் இதமான சரிவில். இந்தத் திசையில் சுற்றுவதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நிழல். காலையில் தார்ன் பள்ளத்தாக்கின் ஆழத்தில் வெயில் தாமதமாகவே இறங்கும்; ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் படகு ஏற்றிய வண்டிகள் சாலையை நிறைக்கும் முன்பே லா மலேனைக் கடந்துவிடவும் முடியும்.

ஜோந்த் பள்ளத்தாக்கில் சற்று நின்று மேலே பாருங்கள். இப்பகுதியில் அழிந்துபோயிருந்த பிணந்தின்னிக் கழுகுகள் 1981 முதல் மீண்டும் விடப்பட்டு இன்று கூட்டமாக வட்டமிடுகின்றன.

பீடபூமி மீதும் ஏற விரும்பினால், லா மலேனிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறும் டி 16 சாலை இருக்கிறது. ஆனால் தண்ணீரை ஆற்றோர ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் மழையை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பிவிடுவதால் மேலே ஓடையே கிடையாது. வீடுகளும் வெகு தூரத்துக்கு ஒன்றாகவே இருக்கும். கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும், அங்கே குடிக்கத் தகாத நீர் என்ற அறிவிப்பு உள்ளதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். நண்பகலில் சிற்றூர்க் கடைகள் இரண்டு மணி நேரமாவது மூடிவிடும் என்பதால் ரொட்டியைக் காலையிலேயே வாங்கிப் பையில் வைப்பது அவசியம்.

கேள்வி: ஏற்றத்தைவிட இறக்கமே எனக்கு அச்சம் தருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த அச்சம் நியாயமானது. 1960ஆம் ஆண்டு டூர் தெ பிரான்ஸில், ஒரு மணி நேரத்தில் மிக அதிக தூரம் ஓட்டிய உலகச் சாதனையாளரும் அப்போட்டியில் இரண்டாம் இடத்தில் இருந்தவருமான ரோஜே ரிவியேர், காஸ்தோனே நென்சினியைப் பின்தொடர்ந்து பெர்ஜூரே கணவாயில் இறங்கும்போது சாலையை விட்டுப் பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தார். அதன்பின் அவர் போட்டியிடவே இல்லை. மேலே சொன்ன சுற்றில் நீங்கள் இறங்குவதும் அதே சாலைதான். பிறருடைய வேகத்தில் இறங்காதீர்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். கோடையில் சாலைகளுக்குப் புதிதாகத் தாரும் ஜல்லியும் போடுவார்கள். கிராவியோன் என்று எழுதிய பலகையைக் கண்டால் உதிரி ஜல்லி கிடக்கிறது என்று பொருள். அங்கே 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் பெரிதும் உதவும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: மே பிற்பாதி, ஜூன், செப்டம்பர் முதல் பாதி. இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று செவென் மலைகளில் மோதிப் பெருமழையாகக் கொட்டும், ஆறுகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும்.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். சைக்கிளை ரயிலில் கொண்டுசெல்ல முடியுமா? சாலை விதிகள் ஏதும் உண்டா?

பதில்: பாரிஸ் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து கவோருக்கு நேரடி ரயில் உண்டு, சைக்கிளுக்கான இடத்தைப் பயணச்சீட்டோடு சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். ஃப்ளோராக்குக்கு ரயில் கிடையாது, மாந்த் அல்லது மியோவில் இறங்கி ஓட்டிச் செல்லலாம். ஊருக்கு வெளியே உங்களை முந்தும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம். உங்களுக்கும் கடமைகள் உண்டு. ஓட்டும்போது காதில் ஒலிக்கருவி அணிவது 2015 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 12 வயதுக்குட்பட்டோருக்குத் தலைக்கவசம் 2017 முதல் கட்டாயம். இரவிலும் பார்வை மங்கும் வேளையிலும் ஊருக்கு வெளியே ஒளிபிரதிபலிக்கும் மேற்சட்டை அணிய வேண்டும். தார்ன் பள்ளத்தாக்குச் சாலையில் பாறையைக் குடைந்த சுரங்கவழிகளும் இருப்பதால், பகலில் புறப்பட்டாலும் முன்விளக்கையும் பின்விளக்கையும் பூட்டிக்கொண்டே செல்லுங்கள்.