பழைய பிக்கப்புக்கு பவர் மிரர்: காரைக்குடி பட்டறையிலிருந்து சில பதில்கள்

காரைக்குடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்து 22 வருஷம் ஆகிறது. கலவை மிஷின், ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க் என்று பின்னால் எதையாவது கட்டி இழுக்கிற பழைய பிக்கப்காரர்கள், வெளியே நீட்டி வைக்கிற பெரிய சைடு கண்ணாடியை, சுவிட்சில் திரும்புகிற மோட்டாரோடு, அதாவது பவர் மிரராகப் போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

புதுவயலிலிருந்து: அண்ணே, 2009 மாடல் பிக்கப். கலவை மிஷினைக் கட்டி சைட்டுக்கு சைட் இழுக்கிறேன். பவர் மிரர் போட்டால் பின்னாடி நல்லாத் தெரியுமா?

மோட்டார் போட்டதால் மட்டும் ஒன்றும் கூடுதலாகத் தெரியாது தம்பி. கண்ணாடியைத் தாங்குகிற கை எவ்வளவு வெளியே நீள்கிறது, கண்ணாடி எவ்வளவு பெரிசு, இந்த இரண்டும்தான் பார்வையைத் தரும். உங்கள் மிஷினின் தொட்டியும் சக்கரமும் வண்டி பாடியைவிட வெளியே தள்ளி நிற்கிறது என்றால், கம்பெனி கொடுத்த குட்டைக் கண்ணாடியில் மிஷின்தான் தெரியும், அதற்குப் பின்னால் வருகிற பைக் தெரியாது. கை நீண்டால்தான் மிஷினைத் தாண்டிப் பார்க்க முடியும்.

பிறகு மோட்டார் எதற்கு? இடது பக்கத்துக்கு. வலது கண்ணாடியை ஜன்னல் வழியே கையை நீட்டித் திருப்பிக்கொள்ளலாம். இடது கண்ணாடி எட்டாது. கிளீனர் பையனைத் திருப்பச் சொல்லி, "போதும், போதும், இல்லடா, கொஞ்சம் உள்ளே" என்று சொல்லி அலுத்துப்போய் அரைகுறையாக விட்டுவிடுகிறோம். மிஷின் இருக்கும்போது ஒரு கோணம், இல்லாதபோது வேறு கோணம். ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பின்சக்கரத்தைப் பார்க்க இன்னும் கீழே இறக்க வேண்டும். இதற்காகத்தான் மோட்டார். காசு இடித்தால் இரண்டு பக்கமும் நல்ல நீளக் கை போடுங்கள், மோட்டாரை இடது பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். என் பட்டறையில் பலருக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து: கடையில் மட்டக் கண்ணாடியா, வளைவுக் கண்ணாடியா என்று கேட்கிறார்கள். என்ன வித்தியாசம்?

இத்தனை கேள்விகளில் முக்கியமானது இதுதான். மட்டக் கண்ணாடியில் பின்னால் வருவது உள்ளபடியே தெரியும். தூரம் சரியாகக் கணிக்கலாம். ஆனால் பார்வை குறுகலானது, பக்கத்து லேனில் வருகிறவன் மறைந்துபோவான். வளைவுக் கண்ணாடி என்பது பள்ளிக்கூடத்தில் படித்த குவியாடி. அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும். சின்னதாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக நம் மூளை எடுத்துக்கொள்ளும். "பைக் எங்கேயோ வருது" என்று நினைத்து வலது பக்கம் ஒடிப்போம், அவன் அதற்குள் நம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பான்.

அதனால்தான் இழுவைக்கென்று செய்த கண்ணாடிகளில் மேலே ஒரு பெரிய கண்ணாடி, கீழே ஒரு சின்ன வளைவுக் கண்ணாடி என்று இரண்டு அடுக்கு வைக்கிறார்கள். மேலே உள்ளது மட்டக் கண்ணாடியாக இருந்தால் தூரத்தை அதில் பாருங்கள். ட்ரெய்லர் சக்கரம், பக்கத்தில் ஒட்டி வருகிற ஆள், இதையெல்லாம் கீழே உள்ளதில் பாருங்கள். முந்துவதா வேண்டாமா என்கிற முடிவைக் கீழ்க் கண்ணாடியை வைத்து எடுக்கவே கூடாது. இரண்டு அடுக்கு கிடைக்கவில்லை என்றால் பெரிய கண்ணாடியின் வெளி மூலையில் வட்ட வளைவுக் கண்ணாடி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டுமுன் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். நம்ம ஊர் செம்மண் தூசு மேல் ஒட்டினால் ஒரு வாரம் நிற்காது.

கோட்டையூரிலிருந்து: மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே பிக்கப்புக்குப் போடுகிற நீட்டு கண்ணாடி செட், மோட்டார், ஹீட்டர், இண்டிகேட்டர் எல்லாம் சேர்த்து வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். தரம் குறைவு என்று சொல்லவில்லை. வீட்டு வண்டியிலேயே படகையும் கேரவனையும் கட்டி இழுக்கிற ஊர் அது, செய்வதை நன்றாகத்தான் செய்வார்கள். சிக்கல் என்னவென்றால் அங்கே டிரைவர் இடது பக்கம் உட்காருகிறார். அந்த நாட்டுச் சட்டப்படி டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டமாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வளைவாக இருக்கலாம், அப்போது "கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன" என்று அதிலேயே ஆங்கிலத்தில் பொறித்திருக்க வேண்டும். பல செட்டுகள் அப்படித்தான் வருகின்றன. அதை நம் வண்டியில் மாட்டினால் நீங்கள் உட்காருகிற வலது பக்கம் வளைவும், இடது பக்கம் மட்டமும் வந்துவிடும். நமக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ். தலைப்பகுதியின் கோணமும் இடது பக்க டிரைவருக்காக அமைத்தது. மோட்டார் எவ்வளவு திரும்பினாலும் உங்கள் கண்ணுக்கு நேரே வராமல் நின்றுபோகலாம்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒருவராவது மலேசியா போய்வருகிறவர் இருப்பார். அங்கேயும் தாய்லாந்திலும் நம்மைப் போல வலது பக்க ஸ்டியரிங், பிக்கப்பும் ஏராளம். ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுப்பதற்கென்றே வலது பக்க ஸ்டியரிங்குக்கு நீட்டு கண்ணாடி செய்கிறார்கள். வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றால் அந்தப் பக்கமிருந்து வரட்டும். எங்கிருந்து வந்தாலும் கதவில் போல்ட் ஓட்டை பொருந்துமா என்று அட்டையில் அச்செடுத்து அனுப்பி, ஒத்துப் பார்த்த பிறகு பணம் கட்டச் சொல்லுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: அண்ணே, நானும் எலக்ட்ரீசியன் வேலைதான் கத்துக்கிறேன். ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பவர் மிரர் வந்திருக்கு. கப்ளர் (வயர்களைச் சேர்க்கிற பிளக்) இல்லை, வயரிங் படமும் இல்லை. மூணு வயர்தான். எது என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி தம்பி. உள்ளே இரண்டு சின்ன மோட்டார் இருக்கும். ஒன்று மேலே-கீழே, இன்னொன்று உள்ளே-வெளியே. ஒரு மோட்டாருக்கு இரண்டு வயர் என்றால் நாலு வரவேண்டும், ஆனால் ஒரு வயர் இரண்டுக்கும் பொது. அதனால்தான் மூன்று.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். இரண்டு ஜோடியில் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். மூன்றாவது ஜோடியில் அதைப்போல் இரண்டு மடங்கு காட்டும், ஏனென்றால் அங்கே மின்சாரம் இரண்டு மோட்டார் வழியாகவும் போகிறது. அந்த அதிக அளவு காட்டிய ஜோடியில் சேராத வயர்தான் பொது வயர். மோட்டார் நின்ற இடத்தைப் பொறுத்து எண் கொஞ்சம் ஆடும், இரண்டு மூன்று தரம் அளந்து முடிவு செய்யுங்கள்.

பிறகு ஒரு 9 வோல்ட் பேட்டரியை எடுத்து, பொதுவையும் மற்றதில் ஒன்றையும் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி ஒரு பக்கம் நகரும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் நகரும். சுவிட்ச் செய்கிற வேலையும் அவ்வளவுதான், பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுக்கிறது. மேல் பட்டனை அழுத்தினால் பக்கவாட்டில் போகிறது என்றால் பொது அல்லாத இரண்டையும் இடம் மாற்றுங்கள். கண்ணாடி கடைசி வரை போனதும் டக் டக் என்று சத்தம் வரும். உள்ளே பிடி நழுவுகிற சத்தம் அது, கெட்டுப்போகவில்லை. ஆனால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

மூன்றுக்கு மேல் வயர் வந்தால் ஹீட்டர், இண்டிகேட்டர், மடக்குகிற மோட்டார் இருக்கலாம். கண்ணாடி நின்ற இடத்தை ஞாபகம் வைக்கிற சென்சார் வயராகவும் இருக்கலாம். சென்சார் வயரில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். வேலை ஆரம்பிக்குமுன் வண்டி பேட்டரியையும் பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் கண்ணாடியை மாட்டினால் அன்றைக்கே புகைந்துவிடும்.

பொன்னமராவதியிலிருந்து: பழைய வண்டி, கதவுக்குள் வயர் போக வழியே இல்லை. ஓட்டை போடலாமா?

போடலாம், போடும் விதம் இருக்கிறது. தொழில் ஆரம்பித்த காலத்தில் ஒரு பிக்கப்புக்கு ரப்பர் வளையம் போடாமல், துளைத்த ஓட்டை வழியே வயரை இழுத்துக் கொடுத்தேன். எட்டு மாதம் கதவைத் திறந்து மூடியதில் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்துவிட்டது. திருமயம் ரோட்டில் வண்டிக்குள் புகை. பியூஸை பேட்டரிப் பக்கம் வைக்காமல் கதவுக்குள் சுவிட்ச் பக்கம் வைத்திருந்தேன், அதனால் பியூஸ் இருந்தும் காப்பாற்றவில்லை. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நின்றது இன்றும் மறக்கவில்லை.

ஆகவே: கதவிலும், கதவு மாட்டியிருக்கிற வண்டித் தூணிலும் ஓட்டையை நேருக்கு நேர் போடாதீர்கள், ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கட்டும். அப்போது வயர் மடங்காமல் முறுக்கிக்கொள்ளும், ஆயுசு கூடும். விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் தொட்டு வைத்து, அதன் பிறகு ரப்பர். நடுவில் துருத்தி மாதிரி ரப்பர் குழாய். கதவு முழுக்கத் திறக்கிற அளவுக்கு வயரில் தளர்வு விடுங்கள். உள் அட்டையை மூடுமுன் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள், வயர் அதில் சிக்கக்கூடாது. சாவி போட்டால் மட்டும் வருகிற லைனிலிருந்து மின்சாரம் எடுங்கள். எடுக்கிற இடத்திலேயே 5 ஆம்பியர் பியூஸ். மோட்டாருக்கு அது தாராளம்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: தம்பி, விசேஷங்களுக்குப் பாத்திரம், அடுப்பு எல்லாம் எங்கள் பிக்கப்பில் போகும். டிரைவர் ஹீட்டர் கண்ணாடிதான் வேண்டும் என்கிறார். அவசியமா?

அவசியம் இல்லை ஆச்சி. பனிக்கட்டி உறைகிற ஊருக்காக வந்தது அது. மார்கழி விடியலில் கண்ணாடியில் படிகிற ஈரம் ஒரு துணியால் துடைத்தால் போய்விடும். அந்தப் பணத்தை உறுதியான கைக்கும் நல்ல கண்ணாடிக்கும் போடச் சொல்லுங்கள். செட்டோடு ஹீட்டரும் சேர்ந்தே வந்தால், தனி பியூஸ், ரிலே (மின்சாரத்தில் தானாக இயங்குகிற சுவிட்ச்) வைத்து எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள். மடக்குகிற வசதி மட்டும் கட்டாயம் இருக்கட்டும். நம் வீடுகளின் பின்கட்டு வாசலில் வண்டியை நுழைக்கும்போது அதன் அருமை தெரியும்.

சிங்கம்புணரியிலிருந்து: மஞ்சுவிரட்டுக்கு மாடு ஏற்றிப் போகிற வண்டி. பெரிய கண்ணாடி போட்டேன், ஓடும்போது ஆடிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

பக்கப் பலகையை உயர்த்தி மாட்டையும் ஏற்றிவிட்டால் உள்கண்ணாடி பயன்படாது, பின்னால் தெரிவதெல்லாம் இந்த இரண்டில்தான். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் கதவுத் தகரம். மெல்லிய தகரத்தில் நீளக் கையை போல்ட் போட்டால் தகரமே அசையும். உள்பக்கம் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றைப் பரவலாக வைத்து, அதில் போல்டை இறுக்குங்கள். ஒற்றைக் கையை விட்டு மேலும் கீழும் இரண்டு பிடி உள்ளதை எடுங்கள். நீட்டி மடக்குகிற வகை என்றால் இழுவை இல்லாத நாளில் உள்ளே தள்ளி ஓட்டுங்கள், ஆட்டம் பாதி குறையும்.

காரைக்குடியிலிருந்தே: ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரம் மாறுகிற அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கண்ணாடி மாற்றினால் அந்த விவரம் எதுவும் மாறாது. 1989 மத்திய விதிகளில் வண்டியின் அகலம் 2.6 மீட்டர் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அளக்கும்போது சைடு கண்ணாடியைச் சேர்ப்பதில்லை. அதற்காக எதிரே வருகிறவன் தலையில் இடிக்கிற மாதிரி, கூர்மையான முனையோடு நீட்டி வைக்காதீர்கள். இழுக்கிற ட்ரெய்லருக்குத் தனிப் பதிவும் இன்சூரன்ஸும் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

குன்றக்குடியிலிருந்து: தை மாதம் பழனி பாதயாத்திரைக்குத் தண்ணீர் டேங்க் இழுத்துக்கொண்டு கூடவே போவோம். கண்ணாடியை எப்படி செட் பண்ணுவது?

புறப்படுகிற முதல் நாளே, டேங்க்கை மாட்டி, தண்ணீர் நிரப்பி, சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்துங்கள். தண்ணீர் ஏறினால் பின்பக்கம் தாழும், கண்ணாடியின் கோணமும் மாறும், அதனால் காலியாக வைத்து செட் பண்ணக்கூடாது. வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்காருங்கள். பெரிய கண்ணாடியில் டேங்க்கின் பக்கம் உள்விளிம்பில் ஒரு விரல் அகலம் தெரிய வேண்டும், அடிவானம் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க் கண்ணாடியை டேங்க்கின் சக்கரமும் ரோடும் தெரிகிற மாதிரி இறக்குங்கள். பிறகு ஓர் ஆளை டேங்க்கின் பின்மூலையிலிருந்து உங்கள் கதவு வரை, ரோட்டோரமாக மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும். எந்த இடத்தில் அவர் எந்தக் கண்ணாடியிலும் தெரியாமல் போகிறாரோ, அந்த இடத்தை ரோட்டில் சாக்பீஸால் குறித்து நீங்களே இறங்கிப் போய்ப் பாருங்கள். நத்தம் பக்கம் இருட்டில் காவடியோடு நடக்கிறவர் அந்த இடத்தில்தான் இருப்பார். வண்டியை நகர்த்துமுன் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளை அங்கே இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.