அலாரம் அடிக்கட்டும்

வணக்கம் ஐயா,

உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களின் மின்பராமரிப்பு பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். ஐந்து வருடம் நூற்பாலையில் இருந்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் மின்பிரிவு மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். என் கீழே ஒன்பது பேர். அதில் ஆறு பேர் கான்ட்ராக்ட்.

போன வாரம் ஒரு ராத்திரி மெயின் கரண்ட் போய் டிஜி (டீசல் ஜெனரேட்டர்) எடுத்தது. அந்த மாறுதலில் அறைக் காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறியின் டிரைவ் (விசிறியை ஓட்டும் கருவி) ட்ரிப் ஆகிவிட்டது. ஸ்டாண்ட்பை விசிறி பதினொரு நாளாக ரிப்பேரில் இருந்தது. எக்ஸாஸ்ட் நின்றால் மற்றதையும் நிறுத்தும் இன்டர்லாக் இருப்பதால் உள்ளே காற்றுத் தரும் விசிறியும் நின்றுவிட்டது. ஷிஃப்டில் இருந்த மூத்த வயர்மேன் (அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) இன்டர்லாக்கைத் தாண்டி ஜம்பர் வயர் போட்டு, உள்ளே காற்றுத் தரும் அந்த விசிறியை மட்டும் ஓடவிட்டிருக்கிறார். நாலைந்து நிமிடம்தான். அப்புறம் டிரைவை ரீசெட் செய்து, ஜம்பரை எடுத்துவிட்டார். காலையில் அவரே வந்து என்னிடம் சொன்னார். நான் ரிப்போர்ட் எழுதினேன். இப்போது நிர்வாகம் அவரை வேலையைவிட்டு நிறுத்தச் சொல்கிறது.

இன்னொன்று. அவர் வீட்டில் இரண்டு பசு இருக்கிறது. உள்ளே போய்வந்தவர்கள் ஏழு நாள் கால்நடைகளை நெருங்கக் கூடாது என்பது எங்கள் விதி. படிவத்தில் 'கால்நடை இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இது எனக்கு மட்டும்தான் தெரியும். என்ன செய்வது?

சின்னக் கேள்வி ஒன்றும் உண்டு. உள்ளே கொண்டுபோகும் மல்டிமீட்டர்கள் சுத்திகரிப்பில் பாழாகிக்கொண்டே இருக்கின்றன. வழி உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மாட்டு விஷயம், ஏனென்றால் அது காத்திருக்காது. இன்றே உங்கள் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் அண்ணனிடம் உட்கார்ந்து பேசி, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போக வேண்டும். கோமாரி வைரஸ் மனிதனைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் மனிதன் அதைச் சுமந்துகொண்டு போவான். 1970-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயுள்ள மாடுகளோடு இருந்தவர்களில் ஒருவருடைய மூக்கில் 28 மணி நேரம் கழித்தும் வைரஸ் இருந்தது. குளித்து உடை மாற்றினாலும் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. கூடத்துக்குக் கூடம் மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று விதி மாறும். உங்கள் இடத்தில் ஏழு என்றால் ஏழுதான்.

ஆனால் அவர் ஏன் பொய் எழுதினார் என்றும் யோசியுங்கள். மாடு இருக்கிறது என்று எழுதினால் உள்வேலை இல்லை. உள்வேலை இல்லையென்றால் கான்ட்ராக்ட்காரர் நாள்கூலியில் கைவைப்பார், அல்லது வேறு ஆளைப் பார்ப்பார். இந்த விதி விஞ்ஞானிகளைப் பெரிதாகத் தொடுவதில்லை, அவர்களில் மாடு கட்டியிருப்பவர் அபூர்வம். மாடு வளர்ப்பவர் கூட்டுபவர், கழுவுபவர், வயர் இழுப்பவர். சம்பளத்தில் கைவைக்கும் விதிக்கு உண்மையான பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர், டிஜி, யுபிஎஸ் பேட்டரி, வெளிவிளக்கு என்று வெளிவேலையே அவ்வளவு இருக்கிறது. கூலி குறையாமல் அவரை அங்கே போடுங்கள். அப்படிப் போடலாம் என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத வையுங்கள். நிர்வாகத்தோடு சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.

சரி, ஜம்பர்.

நூற்பாலையில் நல்ல வயர்மேன் என்றால் யார்? மெஷினை நிற்கவிடாதவர். ராத்திரி இரண்டு மணிக்கு எதையாவது கொக்கி போட்டு ஓட்டிவிட்டு, காலையில் சொல்பவர். அதற்காகத்தான் மேஸ்திரி முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். அண்ணனுக்கு இருபது முப்பது வருடமாகக் கையில் ஊறிய திறமை அது. இங்கே அதே திறமைதான் ஆபத்து. கிருமி வெளியே போகாமல் இருக்க, இந்த அறைகளில் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். எக்ஸாஸ்டும் சப்ளையும் (உள்ளே காற்றுத் தரும் விசிறி) சேர்ந்து நின்றால் அறை மூச்சை அடக்கிக்கொள்ளும். அழுத்தம் மெதுவாகச் சமமாகும், வெளியே தள்ளும் விசை எதுவும் இராது. சப்ளை மட்டும் ஓடினால் அறை பலூன் மாதிரி ஊதும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி வழியாகப் போக வேண்டிய காற்று, அதைத் தொடாமல் கதவிடுக்கு வழியாக வராண்டாவுக்கு வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் எக்ஸாஸ்ட் முதலில் ஓடி, கடைசியில் நிற்கிறது. அந்த நாலைந்து நிமிடத்துக்கு அழுத்தப் பதிவு என்ன காட்டுகிறது என்பதைப் பார்த்து உங்கள் ரிப்போர்ட்டோடு இணையுங்கள்.

இதை யாராவது அவரை அந்த அறை வாசலில் நிறுத்தி, அழுத்தமானியின் முள்ளைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்களா? 'இன்டர்லாக்கைத் தொடாதே' என்று போர்டு மாட்டியிருப்பீர்கள். மில்லிலும் அதே போர்டு இருந்தது, அங்கேயும் எல்லோரும் தொட்டார்கள். ஒரு பராமரிப்பு நாளில், கூடம் சுத்தமாக இருக்கும்போது, அதிகாரியின் அனுமதியோடு எக்ஸாஸ்டை நிறுத்திக் காட்டுங்கள். முள் பூஜ்யத்துக்கு வருவதை ஒன்பது பேரும் பார்க்கட்டும். மாடு வளர்ப்பவரிடம் கோமாரி வெளியே போனால் என்ன ஆகும் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். அவர் உங்களுக்கு விளக்குவார்.

அவரை நிறுத்தக் கூடாது. அவராக வந்து சொல்லியிருக்கிறார். நிறுத்தினால் மற்ற எட்டுப் பேரும் ஒரே பாடத்தைத்தான் படிப்பார்கள்: சொல்லாதே. 2002 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிளம் தீவு கால்நடை நோய்க்கூடத்தில் பராமரிப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் வேறு ஆட்களைக் கொண்டு ஓட்டியது. அந்த டிசம்பரில் மூன்று மணி நேரம் அங்கே மின்சாரம் போனபோது ஜெனரேட்டர்களும் கைகொடுக்கவில்லை. ஒன்றால்தான் மற்றொன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கட்டடத்தை நன்றாக அறிந்த கைகளை இழப்பதற்கு முன்னால் இரண்டு முறை யோசிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை வேகமாகத் தாண்டிப் போகிறீர்கள்: ஸ்டாண்ட்பை பதினொரு நாளாக ரிப்பேரில் இருந்தது. அது அண்ணன் தவறா, உங்கள் தவறா? ஸ்டாண்ட்பை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பேரிங் வரவில்லை, ஆர்டர் கையெழுத்தாகவில்லை என்று காரணம் இருக்கும். எனக்கும் அப்படி நிறையக் காரணங்கள் இருந்தன. ஸ்டாண்ட்பை இல்லாத ஒவ்வொரு நாளும் அதிகாரிக்கு எழுத்தில் போயிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட காகிதம் மேஜையில் கிடந்தால் பேரிங் எப்படியோ வந்துவிடும், இது என் அனுபவம்.

ஜாதகத்தில் எழுதியிருந்தாலும் நம்ப முடியாத காரணங்களால் இந்தக் கூடங்களில் தப்பு நடக்கும். 2007 ஜூனில் அட்லாண்டாவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் மின்னல் அடித்து, புதிதாகக் கட்டிய உயர்பாதுகாப்புக் கூடத்தில் மெயினும் பேக்கப்பும் ஒரு மணி நேரம் போயின. நல்லவேளை, கிருமிகளை இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை. பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியவர்கள் எர்த்திங் கேபிளை வெட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிர்பிரைட் கால்நடை நோய் ஆய்வு வளாகத்திலிருந்து கோமாரி வெளியே போய் மாடுகளைப் பிடித்தது. விசாரணையில் விரல்கள் நீண்டது பழைய கழிவுநீர்க் குழாயை நோக்கி. குழாய், கேபிள், பேரிங். எல்லாமே பராமரிப்புப் பிரிவு.

என் பங்குக்கும் ஒன்று. ஒருமுறை எங்கள் கூடத்தில் ஓர் அறைக்குக் கிருமி நீக்க ஃபார்மலின் புகை போட்டிருந்தார்கள். விசிறிகள் நின்று, கதவுகள் ஒட்டி, எல்லாம் முறைப்படி. வராண்டாவில் நடந்தபோது கண் எரிந்தது. மோப்பம் பிடித்துப் போனால், சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸிலிருந்து வாடை வந்தது. இரண்டு வாரம் முன்னால் ஒரு புது சாக்கெட்டுக்காக என் ஆட்கள் அந்தக் கான்ட்யூட்டில் வயர் இழுத்திருந்தார்கள். பழைய சீலன்ட்டைக் குத்தி எடுத்தவர்கள் திரும்ப அடைக்கவில்லை. வேலை முடிந்தது என்று பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டது நான். பாக்ஸைத் திறந்து பார்த்தேனா? இல்லை. சாக்கெட்டில் விளக்கைச் செருகி எரிகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். மற்ற இடங்களில் வயர் போகும் குழாய் வெறும் குழாய்தான். இங்கே அது சுவரில் ஓர் ஓட்டை. அன்றிலிருந்து எங்கள் பெர்மிட்டில் 'எரிகிறதா' என்பதற்குக் கீழே 'அடைத்ததா, யார் பார்த்தது' என்று ஒரு கட்டம் சேர்ந்தது.

அண்ணனுக்கு நீங்கள் தர வேண்டிய உத்தரவும் அதுபோல எளிமையாக இருக்கட்டும். எக்ஸாஸ்ட் நின்றதா? அலாரம் அடிக்கட்டும். சப்ளை நிற்கட்டும். யாரையும் உள்ளே விடாதீர்கள். எனக்குப் போன் பண்ணுங்கள், எத்தனை மணியானாலும். போனை எடுத்ததும் திட்டாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

மல்டிமீட்டருக்கு வழி சுலபம். கூடுதலாக இரண்டு வாங்கி உள்ளேயே விட்டுவிடுங்கள், வெளியே வரவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், கிளாம்ப் மீட்டர் எல்லாம் அப்படித்தான், பெட்டியின் மூடியில் பட்டியல் ஒட்டி. அளவீட்டுச் சரிபார்ப்புக்கு அனுப்ப முடியாது என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை, சரிபார்த்த மீட்டர் ஒன்றை உள்ளே கொண்டுபோய் ஒப்பிட்டுவிட்டு, அதை வாயுச் சுத்திகரிப்பில் வெளியே எடுங்கள். பேட்டரி தீர்ந்தால் புதியது மட்டும் உள்ளே போகட்டும். பழையதை மறந்தும் ஆட்டோகிளேவில் (நீராவிச் சுத்திகரிப்புக் கலம்) போட்டுவிடாதீர்கள், வெடிக்கும்.