டியர்டிராப் டிரெய்லரில் பழைய வயரை மாற்றித் தடிமனாகப் போடச் சொல்கிறார்களே, ஏன்?

சுங்கை சிப்புட்டில் சொந்தமாகச் செய்த டியர்டிராப் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், கண்ணீர்த்துளி வடிவச் சின்ன முகாம் வண்டி) 12 வோல்ட் ஐஸ்பெட்டி வைத்தவர்கள் அடிக்கடி கேட்பது இது. பேட்டரி நிறைந்திருக்கும், ஐஸ்பெட்டி மட்டும் நின்றுவிடும்.

காரணம் மின்னழுத்த இழப்பு. அதாவது, வயரிலேயே கொஞ்சம் வோல்ட் செலவாகி, ஐஸ்பெட்டிக்குப் போதாமல் போய்விடுவது. 60 வாட் ஐஸ்பெட்டிக்கு வீட்டு 240 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். ஆம்பியர் கூடினால் இழப்பும் கூடும். பேட்டரியிலிருந்து ஐஸ்பெட்டி 5 மீட்டர் தள்ளியிருந்தால் வயர் போக வர 10 மீட்டர் (இதைத்தான் பலர் மறக்கிறார்கள்). 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் ஏறக்குறைய 0.6 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 0.15தான்.

தோட்டத்து லயத்தில் தண்ணீர்த் தொட்டி தாழ்வாக இருந்தால், ஒல்லிக் குழாயில் கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்? அதே கதைதான்.

அப்புறம் ஃபியூஸ். அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அது ஐஸ்பெட்டியைக் காப்பாற்ற என்று நினைக்கிறார்கள். உண்மையில் வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்கத்தான், அதனால் ஃபியூஸ் அளவு வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது.