கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டது, இனி என்ன படிப்பது?

கேள்வி: க்ரைம் நாவல் என்றால் எனக்கு உயிர். கல்லூரிக் காலத்திலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் கொலையாளி யாரென்று தெரிந்துவிடுகிறது, மீதிப் பக்கங்களைக் கடமைக்குப் புரட்டுகிறேன். 'கடைசி வரியில் அதிர்ச்சி' என்று அட்டையில் போட்ட புத்தகங்கள்கூட என்னை அசைப்பதில்லை. என் தங்கை நேரெதிர். எந்தத் துப்பறியும் கதையானாலும் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவாள். அப்படியும் என்னைவிட ரசித்து, ராத்திரி தூங்காமல் படிக்கிறாள். இது எப்படி? எனக்குப் பழைய படபடப்பு திரும்பி வர எதைப் படிக்கலாம்? முடிவை அவள் என்னிடம் உளறிவிடாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கொலையாளியை நிஜமாகவே கண்டுபிடிக்கிறீர்களா, இல்லை மோப்பம் பிடிக்கிறீர்களா? இரண்டும் ஒன்றில்லை. நிறைய க்ரைம் நாவல் படித்தவர்களுக்குக் கதையின் உள்ளே இருக்கும் தடயங்களை விடக் கதை கட்டப்பட்டிருக்கும் விதம்தான் முதலில் கண்ணில் படும். ரொம்ப நல்லவராக ஒருத்தர் வருவார், எல்லோருக்கும் உதவி செய்வார், ஆனால் கதையில் அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. அப்படியானால் அவர் எதற்கு வந்தார்? அவர்தான். பிணத்தின் முகம் சிதைந்திருக்கிறது, உடையையும் மோதிரத்தையும் வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்றால் செத்தது வேறு ஆள். சம்பவ நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரே ஒருவரிடம் மட்டும் நிமிஷக் கணக்கில் சாட்சி இருக்கிறது என்றால் அவரைத்தான் பிடிக்க வேண்டும். இப்படி யோசித்துச் சொல்வது பத்துக்கு ஏழு தடவை சரியாகவே இருக்கும், ஆனால் அதில் துப்பறிதல் எதுவும் இல்லை, ஆசிரியர் வழக்கமாக எங்கே ஒளித்துவைப்பார் என்ற பழக்கம் மட்டும்தான்.

அதனால் அடுத்த முறை 'இவன்தான்' என்று தோன்றியதும் புத்தகத்தை மூடிவைத்து, ஒரு தாளில் பெயரை எழுதாமல், எந்தப் பக்கத்தில் எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், அவன் அதை எப்படிச் செய்திருப்பான் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் எழுத ஒன்றும் இருக்காது. எல்லரி குயீன் என்ற பெயரில் சேர்ந்து எழுதிய இரண்டு சகோதரர்கள் (ஒன்றுவிட்டவர்கள்) 1929-ல் வந்த தங்கள் முதல் நாவலிலிருந்தே இதைத்தான் செய்தார்கள். முடிவுக்கு முன்னால் கதையை நிறுத்திவிட்டு, இதுவரை துப்பறிவாளருக்குத் தெரிந்த அத்தனையும் உங்களுக்கும் தெரியும், இப்போது நீங்களே தர்க்கப்படி விடையைச் சொல்லுங்கள் என்று வாசகருக்குச் சவால் விட்டார்கள். வெறும் பெயரைச் சொன்னால் அங்கே பாதி மதிப்பெண்கூடக் கிடையாது.

இந்த மோப்பத்துக்கு மருந்தாக ஒரு புத்தகம்: ஆன்டனி பெர்க்லி எழுதிய 'தி பாய்சன்ட் சாக்லெட்ஸ் கேஸ்', 1929. ஒரே ஒரு கொலை, அதை ஆராயும் குழுவில் ஆறு பேர், ஆறு பேரும் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். ஒவ்வொருவர் பேசும்போதும் 'அட, இதுதானே சரி' என்று தோன்றும், அடுத்தவர் எழுந்து அதை உடைத்துப் போடுவார். நமக்குத் தோன்றிய முதல் விடைமேல் நமக்கு இருக்கும் நம்பிக்கையை இவ்வளவு நாகரிகமாகக் கிண்டல் செய்த புத்தகம் வேறு எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான பதிலே அவளிடம்தான் இருக்கிறது. நல்ல க்ரைம் நாவலை நாம் இரண்டு தடவை படிப்போம். முதல் தடவை 'யார்' என்று தெரிந்துகொள்ள, இரண்டாம் தடவை நம்மை எங்கே எப்படி ஏமாற்றினார்கள் என்று பார்க்க. அவள் இரண்டாவது வாசிப்பை முதலிலேயே செய்துவிடுகிறாள், அவ்வளவுதான். நீங்கள் 'யார்' என்ற ஒரே கேள்விக்காக முந்நூறு பக்கம் படிக்கிறீர்கள். அது நூற்றைம்பதாவது பக்கத்தில் தீர்ந்துபோனால் உங்களுக்குப் புத்தகமே தீர்ந்துபோகிறது. அவளுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. கொலையாளி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழையும்போது நீங்கள் சும்மா படித்துப் போகிற வரியில் அவளுக்கு வயிற்றைக் கலக்கும்.

இது ஏதோ விசித்திரப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011-ல் இதைச் சோதித்தார்கள். 12 சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்ததில், முடிவு தெரிந்தவர்கள்தான் அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள், மர்மக் கதைகளிலும் அப்படித்தான். பின்னால் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன, அதனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் முடிவு தெரிந்தால் எல்லாம் போச்சு என்று நாம் அடித்துச் சொல்வது அவ்வளவு நிச்சயமில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எழுத்தாளர்களுக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும். 1912-ல் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 'தி சிங்கிங் போன்' தொகுப்பில் கதையைத் தலைகீழாகத் திருப்பினார். முதல் பாதியில் குற்றம் நம் கண்முன்னே நடக்கும், செய்தவன் யாரென்று தெரியும், துப்பறிபவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்பது மறுபாதி. அதற்கும் முன்னால், 1866-ல் வந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில், கொலை செய்யப் போகும் ரஸ்கோல்நிகோவ் கோடாலியோடு படியேறிப் போனபோது கூடவே நாமும்தானே போனோம்? அதற்கப்புறம் அவனும் விசாரணை அதிகாரியும் பேசிக்கொள்ளும் பக்கங்களைவிடப் படபடப்பான பக்கங்களை எந்தத் த்ரில்லரிலும் தேடிப் பாருங்கள்.



இப்போது உங்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ரூத் ரெண்டல் 1977-ல் எழுதிய 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்'. முதல் வாக்கியத்திலேயே கொன்றவள் பெயர், கொல்லப்பட்ட குடும்பம், கொன்ற காரணம் மூன்றும் வந்துவிடும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதுதான் காரணம். இதைச் சொல்லிவிட்டேனே என்று பதற வேண்டாம், ஆசிரியரே முதல் வரியில் சொல்லிவிட்டார். ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள், நன்றாக வேலை செய்கிறாள், வீட்டுக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் முதல் வரியைப் படித்துவிட்ட நமக்கு அந்த வீட்டில் கிடக்கும் ஒவ்வொரு துண்டுச் சீட்டும், 'இதைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள்' என்று அவள் கையில் கொடுக்கப்படும் ஒவ்வொரு காகிதமும் பயமாக இருக்கும். படிக்கத் தெரியாது என்பதை மறைக்க அவள் எடுக்கும் பாடு, அது தெரியாமல் அவர்கள் காட்டும் அன்பு, இரண்டும் சேர்ந்து எங்கே போய் முடியும் என்று தெரிந்தே படிக்கிறோம். 'ஐயோ, அதை அவளிடம் கொடுக்காதே' என்று நடுவில் வாய்விட்டுச் சொல்லிவிடுவீர்கள். யாரென்று கண்டுபிடிக்க இதில் ஒன்றுமே இல்லை, உங்கள் மோப்பத்துக்கு இங்கே வேலையே கிடையாது.

அடுத்தது ஃப்ரெட்ரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜக்கால்', 1971. பிரெஞ்சு அதிபர் சார்ல் தெகோலைக் கொல்ல 1963-ல் ஒரு கூலிக் கொலையாளி அமர்த்தப்படுகிறான். தெகோல் சுடப்பட்டுச் சாகவில்லை, 1970-ல் இயற்கையாக இறந்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஆக அவன் தோற்பான் என்பது புத்தகத்தைத் திறக்கும் முன்பே தெரியும். இதைச் சொல்லித்தான் சில பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. படித்துப் பாருங்கள், கள்ளப் பாஸ்போர்ட்டுக்கு அவன் என்ன செய்கிறான், துப்பாக்கியை எப்படிச் செய்யச் சொல்கிறான் என்று ஒவ்வொரு ஏற்பாடாகப் பார்க்கப் பார்க்க, நடக்காது என்று தெரிந்த ஒன்று நடந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்ரீஷியா ஹைஸ்மித்தின் 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' (1955) இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் கொலைகாரன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நீங்கள் தவிப்பீர்கள். போலீஸ் கதவைத் தட்டும்போது அவனுக்காகப் பொய் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்படி ஆனபிறகு 'நானா இப்படி?' என்று ஒரு கணம் உறைக்கும், அந்தக் கணத்துக்காகவே படிக்கலாம்.

ஜப்பானியர்கள் இதில் தனி ரகம். செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' (1958) முழுக்க ரயில் கால அட்டவணைமேல் நிற்கிறது. டோக்கியோ நிலையத்தில் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொரு நடைமேடையில் நிற்கும் ரயிலைப் பார்க்க முடிவது நாலே நிமிஷம்தான், நடுவில் வேறு ரயில்கள் வந்து மறைத்துவிடும். அந்த நாலு நிமிஷத்தில் யாரோ எதையோ பார்த்தது தற்செயலா? சந்தேகப்படும் ஆள் சீக்கிரமே கிடைத்துவிடுவார், ஆனால் அவர் அந்த நேரத்தில் நாட்டின் மறுகோடியில் இருந்ததற்குச் சாட்சி இருக்கிறது. அதை உடைப்பதுதான் கதை.

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' (2005) உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். கொலை ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது, யார், யாரை, எப்படி என்று நீங்கள் பக்கத்திலிருந்தே பார்க்கிறீர்கள், பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை மறைக்க உதவுகிறார் என்பதும் தெரியும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்ற நினைப்பில் போலீஸ் தடுமாறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போவீர்கள். இதற்குமேல் சொல்ல மாட்டேன். இதற்கு ஜப்பானில் நவோகி விருது கிடைத்தது. படித்து முடித்ததும், பாதியில் என்ன ஊகித்திருந்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

விதிகளை மீறிய கதை வேண்டுமென்றால் நம் தமிழிலேயே ஒன்று இருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார், அதில் ஒன்று: தற்செயலாக எதுவும் நடந்து துப்பறிபவருக்கு உதவக் கூடாது. தேவனின் 'துப்பறியும் சாம்பு'வோ முழுக்க முழுக்கத் தற்செயலிலேயே ஓடுகிறது. சாம்புவுக்கு ஒன்றுமே புரியாது, அசட்டுத்தனமாக எதையாவது செய்வார், திருடன் தானாக வந்து மாட்டுவான், பார்க்கிறவர்கள் இவர் மேதை என்பார்கள். எப்படியும் ஜெயிப்பார் என்று தெரியும், எப்படித் தப்பித்து ஜெயிப்பார் என்பதற்காகப் பக்கத்தைத் திருப்புகிறோம். சிரிப்புக் கதை என்று ஒதுக்கிவிடாமல் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கவே படிக்காதீர்கள். 'நீங்கள் எதிர்பாராத திருப்பம்' என்று அங்கே போடுவதைப் போல ஒரு காட்டிக்கொடுப்பு கிடையாது. திருப்பம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம், கதைக்குள் போகாமல் வாசலிலேயே நின்று காவல் காக்கிறோம். கடைசி வரி அதிர்ச்சிக்காகவே முந்நூறு பக்கம் எழுதப்படும் புத்தகங்கள் இப்போது அதிகம், அவற்றில் அந்த வரியைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட புத்தகம் உங்களை அசைக்கவில்லை என்றால் பழி உங்கள்மேல் இல்லை. அப்புறம், போனில் பத்துப் பத்து நிமிஷமாகப் படிக்கிறவராக இருந்தால் அதையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். படபடப்பு சேர்ந்து சேர்ந்துதான் ஏறும், நடுவில் எழுந்து போனால் ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தங்கையை என்ன செய்வது என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். மேலே சொன்னவற்றில் ரெண்டலையும் ஃபோர்சைத்தையும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் படிக்கலாம், அவள் உளறுவதற்கு அதில் எதுவுமே இல்லை. ஆனால் ஹிகாஷினோ, பெர்க்லி, அப்புறம் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' மூன்றும் அப்படியல்ல. கடைசியாகச் சொன்னது 1926-ல் வந்தது, வந்தபோதே 'இது அழுகுணி ஆட்டம்' என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள், இல்லை, எல்லாம் நம் கண்ணெதிரே நியாயமாகத்தான் வைக்கப்பட்டிருந்தது என்று சிலர் பதில் சொன்னார்கள். இரண்டாம் முறை படிக்கும்போது ஒவ்வொரு வரியும் வேறு ஒன்றைச் சொல்லும். ஆனால் அந்த இரண்டாம் முறை கிடைக்க ஒரு முதல் முறை வேண்டும், அது வாழ்க்கையில் ஒரே தடவைதான். ஏற்கெனவே படித்திருந்தால் திரும்ப எடுத்து, அவள் படிப்பதைப் போலவே படித்துப் பாருங்கள். இன்னும் படிக்கவில்லை என்றால் இந்த மூன்றையும் வாங்கி வீட்டுக்குள் கொண்டுவரும்போதே உங்கள் பையோடு வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் முடித்த பிறகு அவளிடம் கொடுங்கள். அவள் எப்படியும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் பிரிக்கப் போகிறாள், தாமதமானதில் அவளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.