மின்முலாம் பூசி நுண்ணிய பாகங்களைச் செய்ய முடியுமா?

கேள்வி: மின்முலாம் என்றால் மெல்லிய பூச்சுதானே? அதை வைத்து மைக்ரான் அளவுப் பற்சக்கரங்களை எப்படிச் செய்கிறார்கள்? கல்லூரி லேபில் செய்ய முடியுமா?

முடியும். பூச்சு என்று நினைக்காமல், அச்சுக்குள் உலோகத்தை அடியிலிருந்து வளர்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும்.

இதில் பேர்போன முறை லிகா (LIGA): லித்தோகிராஃபி, மின்முலாம், வார்ப்பு என்பவற்றின் ஜெர்மன் பெயர்ச் சுருக்கம். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே அணு ஆராய்ச்சி மையத்தில், யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்கும் நுண்ணிய நாசில்களுக்காக உருவாக்கினார்கள். மின்சாரம் கடத்தும் தகட்டின் மேல் அக்ரிலிக் படலம். அதன்மேல் மாஸ்க் (வடிவம் வெட்டிய மறைப்புத் தகடு) வழியாக, சிங்க்ரோட்ரான் என்ற பெரிய துகள்முடுக்கி தரும் எக்ஸ் கதிர் விழும். கதிர் பட்ட இடம் டெவலப்பர் என்ற கரைசலில் கரைந்து குழியாகும். பிறகு நிக்கல் பாத்தில் (நிக்கல் உப்புக் கரைசல் தொட்டியில்) இறக்கி மின்சாரம் கொடுப்பார்கள். குழியின் சுவர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே உலோகம் படியாது. தரையில் தொடங்கி மேலே ஏறும். சில மைக்ரான் அகலத்தில் பல நூறு மைக்ரான் உயரச் சுவரை இப்படி நேராக எழுப்பலாம். இன்று ரோலெக்ஸ் தன் சில கடிகாரங்களின் எஸ்கேப்மென்ட் (சக்கரங்களின் ஓட்டத்தைச் சீராக விட்டுவிட்டு நகர்த்தும் அமைப்பு) பாகங்களை நிக்கல்-பாஸ்பரஸில் லிகா முறையில்தான் செய்கிறது.

சிரமமெல்லாம் பாத்தில்தான். சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் விட்டால் நிக்கல் மணிக்குச் சுமார் 12 மைக்ரான்தான் வளரும். அரை மில்லிமீட்டருக்கு 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு மின்னோட்டத்தை ஏற்றினால் ஹைட்ரஜன் குமிழிகள் குழிக்குள் ஒட்டிக்கொள்ளும். குமிழி இருந்த இடம் ஓட்டையாகவே நின்றுவிடும். குறுகிய குழிக்குள் காற்று சிக்கிக் கரைசல் இறங்காமலும் போகலாம். அதனால் நனைப்பான் (கரைசல் எளிதாகப் பரவ உதவும் பொருள்) சேர்ப்பது, பாத்தில் விடும்முன் வேக்குவத்தில் காற்றை எடுப்பது இரண்டையும் நான் தவிர்க்கவே மாட்டேன். இன்னொன்று உள்தகைவு, அதாவது வளரும் உலோகத்துக்குள்ளேயே தேங்கும் விசை. அதனால் தடிப்பாக வளர்ந்த நிக்கல், அடித்தகட்டை விட்டுச் சுருண்டு எழும்பும். அதற்காகத்தான் பெரும்பாலும் உள்தகைவு குறைவாக இருக்கும் நிக்கல் சல்ஃபமேட் பாத்தை நாடுகிறார்கள். தனியாக நிற்கும் சிறிய குழியில் மின்னோட்டம் குவிந்து உலோகம் வேகமாக ஏறும், அகன்ற குழியில் மெதுவாக. கொஞ்சம் அதிகமாகவே வளர்த்துவிட்டு, அப்புறம் தேய்த்துச் சமன் செய்துகொள்ள வேண்டும்.

சிப்புகளின் தாமிரக் கம்பிகளும் மின்முலாம்தான். இந்த முறையை ஐபிஎம் 1997இல் அறிவித்தது. ஆனால் அங்கே பள்ளத்தின் சுவரிலும் கடத்தும் படலம் உண்டு. வாய் முதலில் மூடிக்கொள்ளாமல் அடி வேகமாக நிரம்புவதற்கு, கரைசலில் சேர்க்கும் கரிமப் பொருட்களைத்தான் நம்ப வேண்டும்.

சரி, உங்கள் லேபுக்கு வருவோம். எக்ஸ் கதிர் வழிக்கு சிங்க்ரோட்ரான் வேண்டும். இந்தியாவில் இந்தோரின் இண்டஸ்-2இல் இதற்கெனத் தனிக் கதிர்வழி இருக்கிறது. சில பத்து மைக்ரான் உயரம் போதுமென்றால் புற ஊதா ஒளியும் மாஸ்க் அலைனரும் (மாஸ்கைச் சரியாகப் பொருத்தி ஒளி பாய்ச்சும் கருவி) போதும். அச்சுக்கு எஸ்யூ-8 என்ற ரெசிஸ்டை (ஒளி பட்டால் கரைதிறன் மாறும் பூச்சுப் பொருள்) எடுத்த எடுப்பிலேயே வாங்கிவிடாதீர்கள். கெட்டியான பிறகு கரைப்பானில் கரையாது. உலோகத்துக்கு இடையிலிருந்து அதை எடுப்பது பெரும் பாடு. அசிட்டோனில் கரையும் தடித்த பாசிட்டிவ் ரெசிஸ்டில் (ஒளி பட்ட இடம் டெவலப்பரில் கரையும் வகை) தொடங்குங்கள்.