சுற்றிவிட்ட ஒலி ஏன் சுற்றுவதில்லை?

கேள்வி: ஒரு சிறிய அரங்கின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கிகளை வைத்து, சின்தசைசரில் உருவாக்கிய நீண்ட ஒலி ஒன்றை வட்டமாகச் சுற்றவிட்டேன். நடுவில் நின்ற எனக்கு அது ஓரளவு சுற்றியது. ஓரத்தில் அமர்ந்திருந்த நண்பர்களோ, ஒலி தங்களுக்கு அருகிலிருந்த ஒலிபெருக்கியை விட்டு அசையவே இல்லை என்றார்கள். பிழை எங்கே நேர்ந்தது?

பதில்: உங்கள் இணைப்புகளில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. நண்பர்களின் காதுகள் சரியாகவே வேலை செய்திருக்கின்றன. இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒரே ஒலியை அளவு மாற்றி ஒலிக்கச் செய்தால், அவற்றுக்கு இடையே எங்கோ ஓரிடத்திலிருந்து அது வருவதாக நமக்குத் தோன்றும். இந்தத் தோற்றம், இரண்டின் ஒலியும் ஏறத்தாழ ஒரே கணத்தில் காதை அடையும்போது மட்டுமே நிலைக்கும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. ஓர் ஒலிபெருக்கிக்கு இரண்டு மீட்டர் கூடுதல் அருகில் அமர்ந்தவருக்கு அதன் ஒலி 6 மில்லிநொடி முன்னதாகவே வந்துவிடும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது ஏற்றுக்கொள்கிறது; பின்னால் வருவது, சற்று உரக்கவே இருந்தாலும், முதல் ஒலியோடு கலந்து அதன் கனத்தைக் கூட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஹெல்முட் ஹாஸ் 1951-இல் வெளியிட்ட ஆய்வினால் இதை ஹாஸ் விளைவு என்றும் அழைக்கிறார்கள்.

நடுவில் நின்ற உங்களுக்கும் 'ஓரளவு' மட்டுமே சுற்றியதற்குத் தனிக் காரணம் உண்டு. முன்-வலம், பின்-வலம் ஆகிய இரண்டு ஒலிபெருக்கிகளும் தலையின் ஒரே பக்கத்தில் இருப்பதால், ஒலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது இரு காதுகளுக்கும் இடையிலான வேறுபாடு அதிகம் மாறுவதில்லை. எனவே பக்கவாட்டில் ஒலி ஊர்வதற்குப் பதிலாகத் தாவுவதுபோலக் கேட்கும்.

இந்தச் சிக்கலை முன்னோடிகள் எதிர்கொண்ட விதம் இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1958–60-இல் கொலோன் வானொலி நிலையத்தில் 'கான்டாக்டே' படைப்பை உருவாக்கியபோது, கையால் சுழற்றும் மேசையொன்றின் மேல் ஒலிபெருக்கியை வைத்து, சுற்றிலும் நான்கு ஒலிவாங்கிகளை நிறுத்தி, நான்கு தட நாடாவில் பதிவு செய்தார். இதனால் ஒவ்வொரு தடத்திலும் ஒலியளவோடு நேரமும் ஒலிவண்ணமும் சேர்ந்தே மாறின. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் இதே வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார். நெருங்கி வரும் ஒலியின் சுருதி சற்று உயர்வதையும் விலகும்போது தாழ்வதையும் (டாப்ளர் விளைவு), தொலைவு கூடக்கூட நேரடி ஒலி குறைந்து அறையின் எதிரொலிப்பு மேலோங்குவதையும் கணக்கிட்டு, 1971-இல் கட்டுரையாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே 'டூரெனாஸ்' என்னும் நான்கு சேனல் படைப்பில் பயன்படுத்தினார். சுருதி மாற்றமும் எதிரொலிப்பும் ஒலிக்குள்ளேயே இருப்பவை என்பதால், மூலையில் அமர்ந்தவருக்கும் ஏதோ ஒன்று நகர்கிறது என்பது கேட்கும்.

ஆகவே உங்கள் வட்டத்தில் டாப்ளரையும் ரிவெர்ப்பையும் (அறையின் எதிரொலிப்பு) சேருங்கள். முடிந்தால் 45 பாகை இடைவெளியில் எட்டு ஒலிபெருக்கிகளை வையுங்கள். தேர்ந்தெடுத்த ஒலியையும் மறுபரிசீலனை செய்யுங்கள்: மெதுவாக எழுந்து நீளும் வழவழப்பான ஒலிக்குக் காது எளிதில் திசை காண்பதில்லை, 'டக்' என்று தொடங்கும் குறுகிய ஒலிக்கும் சரசரப்புக்கும் உடனே காண்கிறது. என்னைக் கேட்டால், ஒரே ஒலியைச் சுற்றவிடுவதை விட, ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்து அவற்றை ஒன்றோடொன்று உரையாடவிடுவதே மேல். எந்த இருக்கையிலும் அது குலையாது. (என் முதல் எட்டு சேனல் படைப்பில் எல்லாமே சுற்றின. கேட்டவர்களுக்குத் தலைதான் சுற்றியது.)

கேள்வி: எட்டு ஒலிபெருக்கிகளுக்கென அமைத்த படைப்பை, பன்னிரண்டு உள்ள வேறொரு அரங்கில் எப்படி ஒலிபரப்புவது?

பதில்: ஒலிபெருக்கிகளுக்காக எழுதாமல், திசைகளுக்காக எழுதுவதே வழி. பிரிட்டனின் மைக்கேல் கெர்சான் 1970-களில் வளர்த்தெடுத்த ஆம்பிசானிக்ஸ் முறையில், கேட்பவரைச் சூழ்ந்த ஒலிப்புலமே குறியீடாகப் பதிவாகிறது. எத்தனை ஒலிபெருக்கிகள், எந்தெந்த இடங்களில் என்பதை அந்தந்த அரங்கில் டீகோடர் (குறியீட்டை ஒலிபெருக்கிகளுக்கான ஒலியாக மாற்றுவது) பார்த்துக்கொள்ளும். திசைத் துல்லியத்தின் முதல் படிக்கு 4 சேனல்கள் போதும். ஆனால் திசைகள் மங்கலாக இருக்கும். மூன்றாம் படிக்கு 16 தேவை. கச்சேரிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலுள்ள மின்னணு இசை, ஒலியியல் நிறுவனம் இதற்கான ஐ.ஈ.எம். பிளகின்களை (இசை மென்பொருளோடு இணையும் துணை நிரல்கள்) இலவசமாகவே தருகிறது; ஒரு டிராக்கில் பல சேனல்களை அனுமதிக்கும் ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் அவை நன்றாக இயங்கும். டால்பி அட்மாஸ் என்னும் சூழொலி முறையும் ஒலியோடு இடக்குறிப்பைத் தனியே அனுப்புகிறது என்றாலும், ஸ்ட்ரீமிங் வெளியீடுதான் நோக்கம் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

கேள்வி: இவ்வளவு ஒலிபெருக்கிகள் என்னிடம் இல்லை. ஹெட்ஃபோனிலேயே முழு வேலையையும் முடிக்கலாமா?

பதில்: வரைவு வரைக்கும் முடிக்கலாம். சூழ்ந்த ஒலியை இரண்டு காதுகளுக்கென மாற்றித் தரும் பைனாரல் டீகோடர் ஏதோ ஒரு சராசரித் தலையின், காது மடலின் அளவுகளைக் கொண்டு கணக்கிடுகிறது. உங்கள் காது வேறு வடிவம் என்பதால், முன்னால் வைத்த ஒலி பின்னால் கேட்கக்கூடும். ரிவெர்ப்பின் அளவை மட்டும் ஹெட்ஃபோனில் முடிவு செய்யாதீர்கள். அரங்கு தன் பங்கு எதிரொலிப்பையும் சேர்த்துவிடும். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிக்குத் திசை தெரியாது என்பதால், அதைச் சுழற்றாமல் சப்வூஃபரிடம் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) விட்டுவிடுங்கள். நிகழ்ச்சியன்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே அரங்குக்குப் போய், கடைசி வரிசை இருக்கையில் அமர்ந்து ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.